அறிதல் அறிவியலின் பரப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனம் எவ்வாறு அறிகிறது, நினைக்கிறது என்பதை ஆராயும் அறிதல் அறிவியலை மூளை ஆய்வின் மறுபெயராகவே பலரும் எழுதிவருவது பொருத்தமாகத் தோன்றவில்லை. 1956 செப்டம்பரில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த கருத்தரங்கில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி, கணினிவழித் தருக்கத் தேற்றங்களை நிறுவிய நியூவெல், சைமன் ஆகியோருடன் தாமும் கலந்துகொண்டதையே உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் இத்துறையின் பிறப்பாகக் குறித்தார்.

மூளையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், புதிய நிகழ்வுகளை நினைவில் இருத்த இயலாதவரானபோதும், கண்ணாடியில் பார்த்து வரையும் திறனில் நாளுக்கு நாள் தேறினார். நினைவு ஒரே வகையானதன்று என்பதை இவ்வாறு வெளிக்கொணர்ந்தது, நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் தாளும் பென்சிலும் கொண்டு நடத்திய எளிய உளவியல் சோதனைதான். மெய்யியலும் மானிடவியலும்கூட (பின்னதைத் துறைசார்ந்தோரே மறந்துவருகின்றனர்) அறிதல் அறிவியலில் அடக்கம் என்பதைத் தங்கள் அறிவியல் பக்கம் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை