இரண்டாவது ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ரசிகர்களுக்கு,

சுயாதீனமாக இயங்கும் ஒரு ஆல்ட்டர்நேட்டிவ் ராக் குழு இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்ட அன்றே நம்மிடையே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "விலைபோய்விட்டார்கள், பழைய வெறி செத்துப்போச்சு" என்று ஒரு கட்சி. "வேற லெவல், மாஸ்டர்பீஸ்" என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வதை முழுசாகப் படித்தாலும் எந்தப் பாட்டு எப்படி இருக்கிறது, டிரம்ஸ் எப்படிக் கேட்கிறது என்று ஒரு தகவல்கூடக் கிடைப்பதில்லை. என் குறை அதுதான். திட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நன்றாகவே திட்டுங்கள். ஆனால் காதில் விழுந்ததைப் பற்றித் திட்டுங்கள். குழுவில் இருக்கும் நாலு பேரின் மனசுக்குள் புகுந்து பார்த்த மாதிரி எழுதாதீர்கள்.

பெரிய லேபிளில், அதாவது பெரிய இசை வெளியீட்டு நிறுவனத்தில், இருக்கும் குழுவுக்கு "இந்தப் பாட்டு வேண்டாம், அந்தக் கோரஸ் இழுக்கிறது" என்று முன்கூட்டியே சொல்ல ஆள் உண்டு. பத்திரிகைகளில் விமர்சனம் வரவைக்க இன்னொரு ஆள் உண்டு. சொந்தக் காசில் ஸ்டூடியோ பிடித்து, மிக்ஸையும் தாங்களே கேட்டுத் திருத்தி, ரெக்கார்டுகளைத் தாங்களே பார்சல் கட்டி அனுப்பும் குழுவுக்கு அப்படி யாருமில்லை. நாம் எழுதுவதுதான் அவர்களுக்கு விமர்சனம், அதுவேதான் விளம்பரமும். எழுதியதை அவர்களே உட்கார்ந்து படிக்கவும் செய்கிறார்கள். இவ்வளவு நேரடியாகப் போய்ச் சேரும் இடத்தில் வெறும் வசவையோ வெறும் புகழ்ச்சியையோ போட்டு என்ன பயன்?

"பழைய சவுண்ட் போச்சு" என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். அதிகமாகக் கண்ணில் படுவது இதுதான், எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். முதல் ஆல்பத்தின் கரடுமுரடான ஒலியைப் பலர் ஏதோ கொள்கை மாதிரிக் கொண்டாடுகிறார்கள். பல சமயம் அது கொள்கையே இல்லை, பட்ஜெட். நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பமான 'ப்ளீச்' 606.17 டாலரில் பதிவானது என்பது ராக் ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்தக் காசுக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ கிடைத்ததோ அத்தனை மணி நேரம் வாசித்தார்கள், அவ்வளவுதான். அப்படித் தொடங்கிய ஒரு குழு அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகப் பணம் சேர்த்து, பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கும்படி பதிவு செய்தால் அது எப்படித் துரோகமாகும்?

பிக்ஸீஸ் என்ற அமெரிக்க ராக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முதல் முழுநீள ஆல்பமான 'சர்ஃபர் ரோசா' 1988இல் வந்தது. பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. அறையில் டிரம்ஸ் முழங்குவதை அப்படியே பிடித்துவைத்த பச்சையான ஒலி. மறு ஆண்டே 'டூலிட்டில்'. அதே ஃபோர் ஏ.டி. என்ற சுயாதீன லேபிள்தான், ஆனால் செலவு ஏறக்குறைய நாலு மடங்கு. தயாரிப்பாளர் கில் நார்ட்டன். ஒவ்வொரு கிடாரும் அதனதன் இடத்தில் துடைத்துவைத்தது போலக் கேட்கும். பாட்டுகளை இன்னும் கொஞ்சம் நீட்டலாமே என்று நார்ட்டன் நச்சரித்தபோது, பாடகர் பிளாக் பிரான்சிஸ் அவரை ஒரு ரெக்கார்டு கடைக்குக் கூட்டிப்போய் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்துக் காட்டினாராம். அதில் பெரும்பாலான பாட்டுகள் இரண்டு நிமிடம் சொச்சம்தான். ஒலியில் பாலிஷ் ஏறியது, பாட்டின் குணம் மாறவில்லை. எனக்கு 'டூலிட்டில்'தான் ஒரு படி மேல். 'சர்ஃபர் ரோசா'தான் ஒசத்தி என்பவர்களோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடத் தயார். ஆனால் சண்டை டிரம்ஸைப் பற்றி இருக்கட்டும், பிக்ஸீஸின் நேர்மையைப் பற்றி வேண்டாம்.

சரி, இரண்டாவது ஆல்பம் நிஜமாகவே சுமாராக இருந்தால்? இருக்கலாம், நிறையவே இருக்கின்றன. முதல் ஆல்பத்தின் பாட்டுகள் ஸ்டூடியோவுக்குள் போகும் முன்பே பல வருஷம் மேடையில் அடிபட்டுப் பழகியவை. எந்த இடத்தில் கூட்டம் சலித்துப்போய்ப் பேச ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டப்பட்டவை. இரண்டாவதின் பாட்டுகளுக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை. பயணத்துக்கு நடுவே எழுதி, நேராக ஸ்டூடியோவில்தான் முதல்முறை முழுசாக வாசிக்கிறார்கள். ஆல்பத்தின் நடுவில் ஒரே வேகத்தில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வருவதும், பாட்டின் இரண்டு பகுதிகளை இணைக்கும் பாலம் (பிரிட்ஜ்) ஒன்று எங்கும் போய்ச் சேராமல் தொங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். காது கொடுத்துக் கேட்டால் பிடிபடும். பிடிபட்டதை எழுதினால் அடுத்த ஒத்திகையில் அவர்களுக்கு அது உதவும்.

திட்டுவதற்கு ஒரு நல்ல மாதிரி சொல்கிறேன். கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யே என்ற குழு 2005இல் லேபிள் எதுவும் இல்லாமல் தாங்களே முதல் ஆல்பத்தை வெளியிட்டு, இணையத்தில் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே பெயர் வாங்கியது. 2007இல் 'சம் லவுட் தண்டர்' வந்தது. அதே பெயரில் உள்ள முதல் பாட்டின் மேல் வேண்டுமென்றே டிஸ்டார்ஷனை அப்பியிருந்தார்கள். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். அடியில் அருமையான பாட்டு, மேலே ஏன் இந்த இரைச்சல் என்பது நியாயமான புகார், என் புகாரும் அதுவே. எந்தப் பாட்டு, என்ன செய்திருக்கிறார்கள், ஏன் எடுபடவில்லை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. "திமிர் ஏறிவிட்டது" என்பதில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா?

ரசிகர்களின் பேச்சுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு வீஸர் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதை போதும். அது சுயாதீனக் குழு இல்லை, கெஃபன் நிறுவனத்தின் பணம் பின்னால் இருந்தது. 1994இல் வந்த முதல் ஆல்பம் பெரிய வெற்றி. 1996இல் தயாரிப்பாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தாங்களே செய்த 'பிங்கர்ட்டன்' கரடுமுரடாக, கூச்சப்படவைக்கும் அளவுக்கு அந்தரங்கமாக இருந்தது. ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டுகளை எழுதிய ரிவர்ஸ் குவோமோவே பிறகு அதைப் பொதுவெளியில் இழிவாகப் பேசினார். மூன்றாவது ஆல்பத்துக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரான ரிக் ஒகாசெக்கிடமே திரும்பிப் போனார்கள், அந்தரங்கமான பாட்டு எழுதுவதையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள். கூத்து என்னவென்றால், 2002இல் அதே பத்திரிகையின் வாசகர்கள் எல்லாக் காலத்திலும் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் 'பிங்கர்ட்டனு'க்கு 16ஆவது இடம் கொடுத்தார்கள். பின்னால் வந்த பாராட்டு நல்லதுதான். ஆனால் அந்த வழியில் தொடர்ந்து போயிருந்தால் வந்திருக்கக்கூடிய ஆல்பத்தை நாம் யாரும் கேட்கப்போவதில்லை.

இதைச் சொன்னதும் "காலம் பதில் சொல்லும்" என்று ஒருவர் எழுதுவார். அதுவும் சோம்பேறித்தனம்தான். காலம் கண்டுகொள்ளாமல் விட்ட இரண்டாவது ஆல்பங்களில் பல அதற்குத் தகுதியானவையே. பிடிக்கவில்லை என்றால் இன்றே சொல்லலாம், இருபது வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

புகழ்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் "வேற லெவல்" என்றால் அடுத்து எந்தப் பாட்டை மேடையில் வைத்துக்கொள்வது, எதைக் கழட்டிவிடுவது என்று குழுவுக்கு எப்படித் தெரியும்? பேஸ் கிடார் இந்த முறை முன்னால் வந்திருக்கிறது, அது பிடித்திருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் பேஸ் வாசிக்கிறவர் அதை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்.

எழுதும் முன் ஆல்பம் முழுவதையும் கேட்டுவிடுங்கள் என்று சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்று பாட்டோடு தீர்ப்பு எழுதுபவர்கள் ஏராளம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் அது ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைக்கூடத் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது. சின்னக் குழுவின் ஆல்பத்தில் இந்த வரம்பில் சிக்குவது யாரும் போய்ச் சேராத கடைசி மூன்று, நான்கு பாட்டுகள்தான். குழு துணிந்து எதையாவது முயன்று பார்ப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கையில் காசு இருந்தால், குழுக்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் வழக்கமாக எடுப்பது 15 சதவீதம். பணம் அனுப்பும் கட்டணம் போக மீதி குழுவுக்குப் போகிறது. வாங்கிவிட்டுத் திட்டினால் உங்கள் பேச்சுக்கு ஒரு தெம்பும் வரும்.

அப்புறம் மேடை நிகழ்ச்சி. புதுப் பாட்டு ஒன்றை முதல்முறையாக வாசிக்கத் தொடங்கியதும், பின்வரிசையிலிருந்து முதல் ஆல்பத்தின் ஹிட் பாட்டுப் பெயரைச் சொல்லிக் கத்தும் அன்பர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். ஐயா, தாராளமாகக் கத்துங்கள், அந்தப் பாட்டு எனக்கும் உயிர்தான். இந்தப் பாட்டு முடியட்டும், பிறகு சேர்ந்தே கத்துவோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ரசிகர்