பட்டை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் மூன்று படங்களும் கிடைத்தன. இங்கே மாரி பிடித்துவிட்டது. வளவெல்லாம் தண்ணீர், இரவிரவாகத் தவளைச் சத்தம். எலி வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தால் எலி மேட்டுக்கு ஏறும், பாம்பும் பின்னால் ஏறும். வீட்டுக்குள் பாம்பு என்று சனம் பதறுகிற காலம் இதுதான். அங்கே ஓமானில், சோஹாரில் வெயில் தணிந்து நீங்கள் மணலில் நடக்கத் தொடங்கும் நேரம். எனவே உன் படங்களைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதல் படம், இங்கே ஊரில் உன் அக்கா வீட்டுக் குசினிச் சுவரோரம் அடித்துப்போட்ட பாம்பு. அது கட்டுவிரியன் இல்லை மச்சான், ஓநாய்ப்பாம்பு. பல்லி தின்ன வந்த விஷமற்ற பிராணி. அநியாயமாகப் போனது என்று மனம் வருந்துகிறது. படத்தைப் பெரிதாக்கி, பட்டை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பார். கழுத்தடியிலேயே அகலமான வெளிர் பட்டை கழுத்துப்பட்டி போல இருக்கிறது. வாலை நோக்கிப் போகப் போகப் பட்டைகள் மங்கி, கடைசியில் வெறும் மண்ணிறம். கட்டுவிரியனில் இது அப்படியே தலைகீழ். தலைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வெறும் கறுப்பு, பிறகு புள்ளிபோலத் தொடங்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் சோடி சோடியாக. வால் பக்கம்தான் அவை தெளிவு. உடம்பு எண்ணெய் பூசியது போல் மினுங்கும். எண்ணெய் விரியன் என்று சிலர் சொல்வது அதனால்தான்.

ஆனால் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதே. கட்டுவிரியன் குட்டியில் முன்பக்கக் கோடுகளும் தெளிவாகவே இருக்கும். அதனால் முதுகின் நடுவரிசைச் செதிலையும் பார்க்க வேண்டும். கட்டுவிரியனுக்கு நடு முதுகில் ஒரே ஒரு வரிசை, பக்கத்துச் செதில்களை விடப் பெரிதாக, அறுகோணமாக ஓடும். ஓநாய்ப்பாம்புக்கு எல்லாச் செதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எந்தப் பாம்புக்கும் இரண்டு அடையாளமாவது ஒத்துவராமல் பெயர் வைக்காதே. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வை.

"தலை முக்கோணமென்றால் விஷம்", "கண்மணி கீறலாக இருந்தால் விஷம்" என்று நீ எழுதிய இரண்டும் எங்கள் ஊருக்குச் சரிவராது. நாகபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் இல்லை, கண்மணி வட்டம். வெங்கணாந்திக்கு, அதுதான் மலைப்பாம்புக்கு, தலையும் முக்கோணம், கண்மணியும் கீறல், ஆனால் விஷம் கிடையாது. இந்த விதியை நம்பினால் வெங்கணாந்தி சாகும், கட்டுவிரியனோடு நீ படுத்துத் தூங்குவாய். இரண்டு பல் பதிந்தால்தான் விஷம் என்பதும் அப்படித்தான். ஒரு பல்லும் பதியலாம், கீறலும் விழலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

சாரையா நாகமா என்ற குழப்பம் நாகம் படம் விரிக்காதவரைதான். சாரைக்குப் பெரிய உருண்டைக் கண், உதட்டில் நிமிர்ந்த கறுப்புக் கோடுகள், தலைக்குப் பின்னால் தெளிவாக ஒடுங்கிய கழுத்து. நாகத்துக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன்.

தம்பலகாமம், கந்தளாய் வயல்காரருக்குப் பெரிய பயம் கண்ணாடிப் புடையன், அதாவது கண்ணாடி விரியன். வெட்டுக் காலத்தில் கதிருக்குள் அசையாமல் கிடக்கும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வரிசையில் நீள்வட்டப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே வெள்ளைக் கரை. சங்கிலி போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு கண்ணியும் ஒழுங்கானது. மண்ணுளிப் பாம்பில் அந்தத் திட்டுக்கள் கோணல்மாணலாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், வால் வெட்டிவிட்ட கட்டை போல முடியும், கண் மிகச் சிறியது. வெங்கணாந்திக் குட்டியின் செதில் வழவழப்பாகப் பளபளக்கும். தலைமேல் ஈட்டிமுனை போல ஒரு குறி இருக்கும். புடையனின் தலைமேல் பெரிய தகடுகள் இல்லை, சொரசொரப்பான சின்னச் செதில்கள்தான்.

எங்கள் ஆட்கள் உருண்டு திரண்ட எதையும் புடையன் என்றே சொல்லிவிடுவார்கள். இங்கேதான் ஆபத்து. வைத்தியசாலையில் இருக்கும் இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை. மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு புடையன் ஒன்று உண்டே, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள், அதன் விஷத்துக்கு அந்த மருந்து வேலை செய்யாது. தென்னை மட்டைக் குவியல், சருகு, விறகு அடுக்குக்குள் சுருண்டிருக்கும். நீளம் ஓர் அடி, ஒன்றரை அடி. "புடையன் கடித்தது" என்ற சொல்லை மட்டும் நம்பி மருந்தேற்றினால், பலன் இல்லாததோடு ஒவ்வாமையால் ஆளுக்கு மூச்சு முட்டவும் கூடும். அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. எனவே நிமிர்ந்த மூக்குத் தெரியும்படி எடுத்த ஒரு படம் வைத்தியருக்குப் பெரிய உதவி.

இனி இரண்டாவது படம், உங்கள் ஊர் மணலில் நீ கண்ட பாம்பு. உடம்பை வளையம் வளையமாக மடித்து 'சர்...' என்று சத்தம் போட்டதாக எழுதியிருந்தாய். சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சுருட்டையும் கொம்பு விரியனும், பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அந்தச் சத்தத்தை எழுப்பும். கொம்பு இல்லையே என்று கேட்பாய். கொம்பு விரியனிலேயே கொம்பு இல்லாதவை உண்டு. உன் படத்தில் தலைமேல் பறவைக் கால்தடம் போன்ற வெளிர் குறி தெரிகிறது. இரு பக்கமும் அலையலையாக வெள்ளைக்கோடு ஓடுகிறது. இரண்டும் பொருந்துவதால் சுருட்டை என்றே சொல்வேன். எங்கள் வடக்குக் கிழக்குக் கரையோர மணலில் இருக்கும் அதே இனம்தான். ஆனால் இங்கே ஓர் அடிக்கு மேல் வளர்வது அபூர்வம், அங்கே இரண்டடி வளரும். "சுருட்டை கடித்துப் பெரிதாக ஒன்றும் வராது" என்ற ஊர்ப் பேச்சை ஓமானுக்குக் கொண்டுபோகாதே. பல் முரசில் இரத்தம் கசிவதும் இரத்தம் உறையாமல் போவதும் அதன் வேலை. மலையடிவாரக் கல் வாதிகளுக்கு (வறண்ட ஆற்றுப் பள்ளங்களுக்கு) போனால் அங்கே இருப்பது வேறொரு சுருட்டை. அதைத் தனி இனமாகப் பிரித்ததே 2004-இல்தான்.

தடத்தையும் படித்துப் பழகு. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒன்றோடொன்று தொடாமல், சரிந்த கோடுகளாக, ஒரு முனை கொக்கிபோல் வளைந்திருந்தால் பக்கவாட்டில் நகரும் விரியன் போயிருக்கிறது. இடைவிடாத ஒரே அலைக்கோடு என்றால் வேறு பாம்பு. மணலுக்கு வெளியே கண் மட்டும் தெரிந்தால் எல்லாமே விரியன் இல்லை. அரேபிய மண்ணுளிக்கும் கண் உச்சந்தலையில்தான். அதற்குக் கழுத்தே தெரியாது, செதில் வழவழப்பு, கடித்தாலும் விஷமில்லை. மஸ்கட்டில் இருந்த ஆத்மாராம் ஜெயகர் என்ற இந்திய வைத்தியரின் பெயரைத்தான் 1888-இல் அதற்கு வைத்தார்கள். நம் பக்கத்து ஆளின் பெயர் அந்த மணலுக்குள் இருப்பது எனக்குப் பிடித்த விசயம்.

கணுக்காலை மூடும் சப்பாத்து போடு. கல்லையோ கட்டையையோ தாண்டிக் குதிக்காதே, மேலே ஏறி நின்று மறுபக்கம் பார்த்து இறங்கு. பற்றையடி நிழலில் உட்காராதே, சுருட்டைக்கும் அதே நிழல்தான் வேண்டும். பொழுது சாய்ந்தபின் ரோச் இல்லாமல் ஓரடியும் வைக்காதே. படமெடுக்க இரண்டு மீற்றருக்குக் கிட்டப் போகாதே, பெரிய பாம்பென்றால் இன்னும் தள்ளி நில். தொலைவில் நின்றே பெரிதாக்கி முழு உடம்பு, தலை, நடு முதுகு, வால் என நான்கு படம். செத்த பாம்பையும் கையால் தூக்காதே. வெட்டிய தலைகூடக் கடிக்கும்.

கடித்துவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் உடனே கழற்று, வீங்கியபின் வராது. கை காலைத் தடி வைத்துக் கட்டி ஆட்டாமல் வை. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, அஸ்பிரின் கொடுக்காதே. அவசர அழைப்புக்கு இங்கே 1990, அங்கே 9999. வைத்தியசாலையில் கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் புடையன், சுருட்டை போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் இரத்தம் எளிதில் உறையாது, அதனால்தான் கண்ணாடி. கட்டுவிரியனுக்கு இந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. பாயில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழும்பி, இமை தானாகச் சரிந்தால், கடி தெரியாவிட்டாலும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது படத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அக்கா வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த, பாம்பு உரித்த சட்டை. சட்டையில் நிறம் போய்விடும், செதிலின் அச்சு அப்படியே இருக்கும். கழற்றும்போது உட்புறம் வெளியே திரும்பி இழுபடுவதால் பாம்பை விட நீளமாகவும் இருக்கும், எனவே அளவைப் பார்த்துப் பயப்படாதே. உன் படத்தில் நடு முதுகில் அறுகோண வரிசை தெரிகிறது. கொம்பேறிமூக்கனுக்கும் அந்த வரிசை பெரிதுதான், ஆகவே இரண்டாவது அடையாளம் வேண்டும். சட்டையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கறுப்புத் துணிமேல் வயிற்றுப்பக்கம் மேலாக விரிக்கச் சொல். மலத்துவாரத் தகடு வரைக்கும் அகலத் தகடுகள் ஒற்றையாக வரும். அதற்குப் பின்னால் வாலடித் தகடுகள் நடுவில் பிளந்து இரண்டிரண்டாக இருந்தால் கட்டுவிரியன் இல்லை, கொம்பேறிமூக்கன் போன்ற வேறு பாம்பு. ஒற்றையாகவே நுனிவரை போனால் கட்டுவிரியன். வால் துண்டு அறுந்து அங்கேயே கிடக்கலாம், நீளத் தடியால் கிளறித் தேடட்டும், கை வைக்க வேண்டாம்.

அந்தப் படம் வரும்வரை பிள்ளைகள் நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். கட்டிலில் படுத்து, நுளம்புவலையின் நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகச் சொல்லி இன்றைக்கே அக்காவுக்கு எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்