ட்யூன் செய்துவிட்டால் புதிதாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குப் பியானோ வாங்குவது பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. மலையில் இருப்பவர்களுக்கு யோகம், பழைய எஸ்டேட் பங்களா பியானோக்கள் சல்லிசாகக் கிடைக்கும், ஒருமுறை ட்யூன் செய்துவிட்டால் புதிதேதான் என்று. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே பேச்சை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

கோத்தகிரி சாலையில் ஒரு பங்களாவைக் காலி செய்தார்கள். பியானோ 45,000 ரூபாய். பளபளவென்ற மரம், முன்பக்கம் மெழுகுவர்த்தி வைக்கப் பித்தளைத் தாங்கிகள், பார்த்ததும் மகள் அதைவிட்டு நகரவில்லை. ஆறு பேர் தூக்கி பிக்கப்பில் ஏற்றினார்கள், அந்தக் கூலியும் வாடகையுமே 9,000. வீட்டில் இறக்கி மேல்மூடியைத் திறந்தால் நனைந்த கம்பளி நாற்றம். கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் கம்பளியை அந்துப்பூச்சி அரித்திருந்தது, அடிக்கம்பிகளில் துரு.

கோவையிலிருந்து ட்யூனர் வந்தார். கம்பியின் முனை சுற்றியிருக்கும் ஆணியில் சாவியை மாட்டித் திருகினார், சுரம் ஏறியது, கையை எடுத்ததும் ஆணி தானாகப் பின்னால் நழுவியதை என் கண்ணால் பார்த்தேன். "ஏனுங்க்கா, வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதுங்களா?" என்றார். ஒரு பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கு மேல். இரும்புச் சட்டம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் கம்பியைச் சுருதியில் பிடித்து வைப்பது அந்த ஆணிகள் இறங்கியிருக்கும் மரப்பலகைதான். எங்கள் குன்னூரில் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும், மரம் ஊறும். அப்புறம் வறண்ட ஜனவரி, பங்களாவில் கணப்பு வேறு, மரம் சுருங்கும். பல வருடம் இப்படியே போனால் பலகை வெடித்துவிடும். ஆணி தளர்ந்திருந்தால் மட்டும் சற்றுத் தடித்த ஆணி அடித்துப் பார்க்கலாம், பலகையே வெடித்தால் அதை மாற்றும் செலவு பியானோ விலையைத் தாண்டிவிடும். எத்தனை முறை ட்யூன் செய்து என்ன பயன்?

அந்தக் கட்டுரையை எழுதியவர் ஒரு ட்யூனரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதுமே. டார்ச் அடித்து ஆணிகளைப் பாருங்கள், ஒரு கட்டை விடாமல் அழுத்திப் பாருங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ட்யூனரை அழைத்துக் காட்டுங்கள், கணப்புக்குப் பக்கத்திலோ ஈரம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள் என்று நாலு வரி சேர்த்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

உங்கள் பத்திரிகையை 22 வருடமாக வாங்குகிறேன், அந்த உரிமையில் இன்னொன்றும் சொல்கிறேன். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி, எங்கள் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சி, அதோடு எங்களை மறந்துவிடுகிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு தேவாலயப் படத்தின் கீழே பியானோ என்று போட்டீர்கள், அது காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஆர்கன். அதில் காற்று பட்டு மெல்லிய உலோக நாக்குகள் அதிரும், பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும், இரண்டும் வேறு. அப்போதும் எழுதினேன், வெளியிடவில்லை. இசைத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் கிளம்பி, மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு கோவைக்கு இறங்குவதைப் பற்றி எழுதியதும் வரவில்லை. மலையில் இருப்பவர்கள் எழுதினால் படிக்கக்கூட மாட்டீர்களா என்று வருத்தமாக இருக்கிறது.

மகள் இப்போது டிஜிட்டல் பியானோவில் பழகுகிறாள். 88 கட்டை, நிஜப் பியானோ போலக் கனமாக அழுந்துகிறது, ஈரத்தில் சுருதி கலைவதில்லை. நல்ல கருவிதான். ஆனாலும் அந்தப் பழையதைக் கடந்து போகும்போதெல்லாம் மூடியைத் தொட்டுவிட்டுத்தான் போகிறாள்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, குன்னூர்ப் பக்கம் ட்யூனர் யாராவது வரும் தேதி தெரிந்தால் உள்ளூர் செய்திகளில் ஒரு மூலையில் போடுங்கள், நாலைந்து வீட்டார் சேர்ந்து அவருடைய பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்