அம்மா தேர்தலில் நிற்கிறேன்

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னபோது சிரித்துவிட்டாய். "63 வயசுல தேர்தலாம்மா?" அப்பா பக்கத்திலிருந்து ஒத்து ஊதினார். சரி, எழுதியாவது புரியவைக்கிறேன்.

மேயருக்கும் இல்லை, கவுன்சிலுக்கும் இல்லை. நம் ஊர்ச் சாசனத்தை, அதாவது ஊர் நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படைச் சட்டத்தை, திருத்தும் குழுவுக்கு நிற்கிறேன். மொத்தம் 9 பேர், சம்பளம் கிடையாது. 16 மாதத்தில் முதல் அறிக்கை, 18 மாதத்தில் இறுதி அறிக்கை, பிறகு வீட்டுக்குப் போய்விட வேண்டும். எழுதியதை ஊர் ஓட்டுப் போட்டு ஏற்றால்தான் செல்லும். இதில் ஒரு வேடிக்கை. குழு வேண்டுமா வேண்டாமா என்கிற கேள்வியும், குழுவுக்கு யார் என்கிற தேர்வும் ஒரே வாக்குச்சீட்டில் வரும். 'வேண்டாம்' ஜெயித்துவிட்டால் எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் அடுப்பே மூட்டாத வீட்டில் இலை போட்ட கதைதான்.

அந்தக் கேள்வி சீட்டில் ஏறவே வாக்காளர்களில் 15 சதவீதம் பேர் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் நம் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் அப்படி. நூலக வாசலில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. முதல் நாள் என் உச்சரிப்பை நினைத்து வாயே திறக்கவில்லை; அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வாரம் நம்மவர்களை வளைத்துப் பிடித்தேன். அங்கேதான் வந்தது வினை. கையெழுத்து வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களோ பட்டியலில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பார்கள். கையெழுத்து மட்டும் ஊர் வழக்கப்படி இனிஷியலை முன்னால் போட்டு ஒரு கிறுக்கு. நகர எழுத்தர் அலுவலகத்தில் அந்தக் கையெழுத்துகளை அப்படியே அடித்து நீக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் "லைசென்ஸில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன். பட்டேல் கடை மாமாக்கள் என்னைக் கண்டாலே பர்ஸை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நியூட்டன் நகரத்தில் நடந்த கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது கல்லூரிக்குப் போய்விட்டாய். 2015இல் இதே மாதிரி 9 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கவுன்சிலில் 24 பேர். அதை 12 ஆக்கலாம், எல்லோரையும் ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வார்டுக்கு ஒருவர் இருப்பார், ஆனால் அவரையும் ஊரே தேர்ந்தெடுக்கும். 2017 நவம்பரில் மக்கள் 'நோ' சொல்லிவிட்டார்கள். 24 பேர் அதிகம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் நான் அங்கே இருந்திருந்தால் 'நோ'தான் போட்டிருப்பேன்.

ஏன் என்றால், நீ பத்தாவது படித்த வருஷம் நம் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறியது நினைவிருக்கிறதா? தெருவடிகால் பனிக்கட்டியில் அடைத்துக்கொண்டது. நான் அரை நாள் போன் போட்டேன்; இவரிடம் கேளுங்கள், அவரிடம் கேளுங்கள் என்று மாற்றி மாற்றி விட்டார்கள். கடைசியில் நம் வார்டுக்காரர்தான் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். மூன்று தெரு தள்ளி வீடு. நம் ஆயிரம் வீட்டு ஓட்டுதான் அவருக்குச் சோறு. ஊர் முழுக்க ஓட்டுக் கேட்கிறவர் என் பேஸ்மென்ட்டை எதற்குப் பார்க்கப் போகிறார்? எண்ணிக்கையைக் குறையுங்கள், அந்த ஒரு ஆளை மட்டும் என்னிடமிருந்து எடுக்காதீர்கள். குழுவில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மேயருக்கு எத்தனை வருஷம், பட்ஜெட்டில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதெல்லாம் மற்ற எட்டுப் பேர் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள்.

உத்திரமேரூரில் படித்தபோது வாத்தியார் கோயில் சுவரைக் காட்டிக் குடவோலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அங்கே இரண்டு கல்வெட்டு இருக்கிறது, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதல் கல்வெட்டில், நிற்பவருக்கு வயது 30 முதல் 60 என்று எழுதியவர்கள், இரண்டே வருஷத்தில் 35 முதல் 70 என்று மாற்றிக்கொண்டார்கள். கல்லில் வெட்டியதையே திருத்தியிருக்கிறார்கள், யாரும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. நிலமில்லாதவருக்கு அதில் இடமில்லை என்பதையும் பெருமையோடு தாண்டிப் போய்விட்டார்கள். பொம்பளைகள் குடத்தைத் தூக்கியிருப்போம், அவ்வளவுதான்.

துண்டறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இலக்கணத்தை மட்டும் திருத்து. பேஸ்மென்ட் கதை சின்ன விஷயம் என்று நீ வெட்டிவிடுவாய் என்று தெரியும், வெட்டாதே. வியாழனுக்குள் அனுப்பு, வெள்ளி காலை அச்சுக்குக் கொடுக்கிறேன். மருமகளிடம் சொல், வளைகாப்பை புதன்கிழமையில் வைக்க வேண்டாம். புதன் சாயங்காலம்தான் நாங்கள் வீடு வீடாகப் போகிறோம்.

அன்புடன்,
அம்மா