நாகாவ் வீடு பற்றி செந்திலுக்கு

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் பதினொன்றையும் பார்த்தேன். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வாசலில் இரண்டு தென்னை, மேலே ‘கடலிலிருந்து நூறு மீட்டர்’ என்று எழுத்து. நம் வீட்டிலும் ஒருத்தன் கடற்கரையில் வீடு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டான் என்று எதிர் ஃபிளாட்காரரிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீ சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஃபோனில் பேசினால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கும் அப்படித்தான், இரண்டு நிமிஷம். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

வியாழக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாவ்ச்சா தக்கா துறையில், வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற ரோ-ரோ கப்பலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக், அப்புறம் நாகாவுக்கு ஆட்டோ. உட்கார்ந்து போகிற பயணம்தான், எனக்கு முட்டி வலிக்கவில்லை. ஆனால் கேட்வேயிலிருந்து போகிற சின்னப் படகுகள் மழைக்காலம் முழுக்க ஓடாது. ரோ-ரோவையும் கடல் மோசமானால் நிறுத்திவிடுவார்கள். சாலை வழி என்றால் பென் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அடல் சேது கடல்பாலம் 2024 ஜனவரியில் திறந்த பிறகு அந்த வழி சுலபமாகிவிட்டது என்கிறார்கள். சேது தாண்டிய பிறகு இருக்கிற பாதையை ஒரு சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும்.

வீடு அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் கம்பியில் பெயின்ட் அங்கங்கே கொப்பளித்திருந்தது. நகத்தால் அழுத்தினேன். உடைந்து, உள்ளேயிருந்து துரு அடுக்கு அடுக்காகக் கையில் உதிர்ந்தது. போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடித்ததாம், காவல்காரர் சொன்னார். அரை வருஷம்கூட ஆகவில்லை. முப்பத்து நாலு வருஷம் பிளாண்டில் பைப் துருவோடு மல்லுக்கட்டியவன் நான். உப்புக்காற்று லீவு எடுக்காது. ஏசியின் வெளிப்பெட்டி, கதவுக் கீல், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அது தின்னும். மாதத்தில் நாலு நாள் ஆள் இருக்கிற வீட்டை இன்னும் வேகமாகத் தின்னும்.

கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். லேசான கரிப்பு. சந்தேகமாகவே இருந்ததால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து ராத்திரி துவரம்பருப்பு வைத்தேன். ஐந்து விசில் விட்டும் பருப்பு அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தது. நம் குழாய்த் தண்ணீரில் மூன்று விசில் போதும். உங்கம்மா இருந்திருந்தால் சமைக்கவே வேண்டாம், நாக்கில் வைத்தவுடன் சொல்லியிருப்பாள். இது ஏப்ரல் மாதத் தண்ணீர். மே கடைசியில் இன்னும் கரிக்கும். கடலோரத்தில் எல்லோரும் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரத்தானே செய்யும்.

அப்புறம் அந்த நூறு மீட்டர். நீ அதைப் பெருமையாக நினைக்கிறாய், எனக்கு அதுதான் பயம். கிராமத்துக் கடற்கரையில் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டக்கூடாது என்பது பொது விதி. ஜனம் நெருக்கமாக இருக்கிற ஊர்களுக்கு மட்டும் 2019 அறிவிப்பில் 50 மீட்டராகக் குறைத்தார்கள். நாகாவ் அதில் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டால் ஏஜென்ட், “இது புது வீடு இல்லை அங்கிள், பழைய வீட்டைப் புதுப்பித்தது” என்கிறார். பழைய வீட்டுக்குப் பேப்பர் எங்கே என்றால் சிரிக்கிறார். கிஹிம் கடற்கரையில் நீரவ் மோடியின் பங்களாவை 2019 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் நீயும்தான் பார்த்தாய். அவ்வளவு பெரிய ஆள் கட்டியதே நிற்கவில்லை.

அந்த இடம் சாத்பாராவில், அதாவது நிலப் பதிவேட்டில், இன்னும் விவசாய நிலமாகத்தான் இருக்கிறது. என்.ஏ., அதாவது விவசாயமல்லாத நிலம் என்று மாற்றவில்லை. வெளிநாட்டில் இருக்கிற நீ விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. அதனால் என் பெயரில் போடலாம் என்கிறாய். மகாராஷ்டிராவில் விவசாயி இல்லாதவன் விவசாய நிலம் வாங்க முடியாது, தம்பி. நான் எந்த ஊரில் விவசாயம் பார்த்தேன்? ஏஜென்ட் இதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். வழி இருக்கிறது என்று எவன் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

சாத்பாராவை நீயே எடுத்துப் பார். ஊர் நிலக்கணக்கு பார்க்கிற தலாத்தியிடம் ஆள் அனுப்பு. இதை இன்னொரு தடவையும் சொல்வேன்.

வேறு இடம் இல்லாமலில்லை. பக்கத்து பில்டிங் நண்பரோடு போன மாதம் டஹாணு பக்கம் இருக்கிற போர்டிக்கும் போய்வந்தேன். டஹாணு வரைக்கும் 2013 முதல் லோக்கல் ரயில் ஓடுகிறது. கோல்வாட் சப்போட்டாத் தோப்பு நிழலில் நடந்தால் வெயிலே தெரியவில்லை. ஆனால் 2018 நவம்பரிலிருந்து அந்தப் பக்கம் பூமி அடிக்கடி அதிர்கிறது. சின்னச் சின்ன அதிர்வுதான். இருந்தாலும் ராத்திரி குழந்தையோடு வெளியே வந்து படுத்த குடும்பங்கள் உண்டு. பக்கத்திலேயே வாதவண் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் போட்டார்கள், மீனவர்கள் எதிர்க்கிறார்கள். துறைமுகம் வந்தபின் அந்தக் கடற்கரை எப்படி ஆகும் என்று யார் சொல்ல முடியும்? திவேஆகர், ஸ்ரீவர்தன் எல்லாம் தூரம். ஐந்து மணி நேரம் போகிற வீட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் போவாய்.

என்னைக் கேட்டால் கிஹிம் பக்கம், கடலைவிட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே, என்.ஏ. ஆன இடமாகப் பார். மாண்ட்வாவிலிருந்து கிட்டத்தில் இருக்கிறது. காலையில் நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா? சலீம் அலி 1930இல் தூக்கணாங்குருவியைக் கவனித்து எழுதியது அந்த ஊரில்தான். இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? ரேவதி. போன தடவை வந்தபோது பால்கனியில் பைனாக்குலரை வைத்துக்கொண்டு பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அப்போது லேப்டாப்பில் இருந்தாய்.

எந்த இடமானாலும் ஜூலையில் பார். வெயில் காலத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில், பெரிய அலை வருகிற நாளில், சவுக்கு மரம் வரைக்கும் தண்ணீர் ஏறுகிறதா, எந்தச் சுவர் ஊறுகிறது, கரண்ட் எத்தனை நேரம் இல்லை என்று பார். 2020 ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் அலிபாக் பக்கம்தான் கரையேறியது. அந்தக் காவல்காரர் குடும்பத்துக்கு நாற்பது பாக்கு மரம் ஒரே மத்தியானத்தில் சாய்ந்ததாம். திரும்ப வைத்த கன்று இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். உங்களுக்கு ஜூலையில்தானே ஸ்கூல் லீவு. மூன்று பேரும் வந்து பாருங்கள். மூன்று பேரும் என்றுதான் சொல்கிறேன்.

ரேவதி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். போன வாரம் பேசினபோதும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்துவிட்டேன். பாப்பா காலேஜுக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம் மாமா என்று போன வருஷம் என்னிடம் சொன்னாள். முன்பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. உன் சம்பாத்தியம், உன் உழைப்பு. பாலைவனத்து வெயிலில் பன்னிரண்டு வருஷம் சம்பாதித்தது. உனக்கு ஆசைப்பட உரிமை இல்லையா? இருக்கிறது. “அவளுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும்பா” என்று நீ சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் ரேவதி இல்லை, உங்கம்மா.

செந்தில், 1994இல் உனக்கு ஏழு வயது. சித்தப்பா நம் பணத்தை வாங்கிப் பட்டறையில் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நீ. அந்தப் பணத்தை அவன் வாங்கவே இல்லை.

ரேவஸ் பக்கம் ஐந்து குண்டா நிலம். பாலம் வரப்போகிறது, பத்து வருஷத்தில் தங்கம் என்றான் ஒருவன். பி.எஃப். லோன் போட்டேன். உங்கம்மாவின் நாலு வளையலை, பேங்க் லாக்கரில் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் விற்றேன். எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். உங்கம்மாவிடம் சொல்லவில்லை. பத்திரத்தைக் கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சித்தப்பா என்னோடு வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பேப்பர் பார்க்காமல் கொடுக்காதே” என்றான். கொடுத்தேன். மழைக்கு அப்புறம் போனால் முழங்கால் வரை உப்புத் தண்ணீர் நிற்கிறது. சாத்பாராவில் வேறு யாரோ பெயர். பணம் வாங்கினவன் ஆபீஸில் பூட்டு.

உங்கம்மா வளையலைக் கேட்ட அன்றைக்குத் தம்பிக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தாராவிக்குப் போய், அப்படியே சொல்லுடா என்று அவனிடம் கெஞ்சினேன். தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, சரிண்ணே என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு உங்கம்மா போகவில்லை, உன்னையும் விடவில்லை. நீ அன்றைக்கு சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாய்.

2019இல் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளும் அவன் மாட்டுங்காவில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தான். உங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவன் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுக் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் அப்படியே போய்விட்டாள்.

அந்த முத்திரைத்தாள் பீரோவில் உங்கம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. வரும்போது காட்டுகிறேன்.

ரேவதியிடம் இன்றைக்கே சொல். பிடிக்கவில்லை என்றால் சண்டை போடட்டும். அவள் பார்க்காத வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

15ஆம் தேதி டோக்கன் பணம் கட்ட வேண்டும் என்றாய். அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன், ஏஜென்டை அனுப்பாதே. தாராவிக்குப் போகிறேன். சித்தியும் இருப்பாள், மகளும் புனேயிலிருந்து வருகிறாளாம். அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா