ஒன்பது வயது நாய்க்கு ஒரு பொலிசி: காப்புறுதிக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் காப்புறுதிக் கம்பனிகளை நடத்துவோருக்கும், அவர்களை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் சின்னி. வயது ஒன்பது. கல்லடிக் கடற்கரையில் மீன் வாடிக்குப் பின்னால் கிடந்த குட்டியை மகள் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். அன்று பல்லைப் பார்த்த டொக்டர், "ரெண்டு மாசம் இருக்கும்" என்று சொல்லித் தடுப்பூசி அட்டையில் ஒரு திகதி எழுதினார். சின்னியின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். இப்போது அட்டையின் மடிப்பு கிழிந்து, நடுவில் டேப் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒரு வருடமும் விசர்நாய்த் தடுப்பூசி தவறவில்லை.

சென்ற மாதம் உங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை.

"பெட்டுக்கு எத்தனை வயசு சேர்?"

"ஒன்பது."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "எட்டுக்கு மேல புதுசா எடுக்கிறதில்ல சேர். வாகனம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, பதினான்கு வருடப் பழைய ஸ்கூட்டி ஒன்று. அதற்குக் காப்புறுதி தர யாரும் யோசிப்பதில்லை.

பிறகு நகரத்தில் இன்னொரு கிளைக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த தம்பி சிரித்துவிட்டார். "மாட்டுக்கெண்டா கமநலக் காப்புறுதிச் சபைக்குப் போங்க அண்ணன். நாய்க்கா கேக்கிறீங்க?" அவர் சொன்னதில் பிழையில்லை. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை மாடு, எருமை, ஆடுகளுக்குக் காப்புறுதி செய்கிறது. மாட்டின் காதில் இலக்கம் குத்தியிருக்கும், அடையாளத்திலும் சிக்கல் வராது. ஆனால் அந்தக் கணக்கு வேறு. மாடு செத்தால் அதன் பெறுமதிக்கு நட்டஈடு கிடைக்கும். கறவை நின்ற கிழ மாட்டை எடுக்க ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கம் எனக்கு விளங்கும். சின்னிக்குச் சந்தையில் ஒரு ரூபாய் பெறுமதியும் கிடையாது. அதனால் அது செத்தால் எனக்குக் காசு தேவையில்லை. அது சுகமில்லாமல் கிடக்கும்போதுதான் தேவை. செலவு முதுமையில்தான் தொடங்குகிறது, நீங்கள் கதவைச் சாத்துவதும் அங்கேதான்.

நாய்க்குக் காப்புறுதி புதுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவீடனில் நாய்க்கென்று முதல் பொலிசி எழுதப்பட்டது 1924இல். எங்கள் கல்லடிப் பழைய பாலத்துக்கும் அதே வயதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் சின்னிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. இந்த ஊரில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும், முரசு வெளிறும், ஒரு நாள் மூக்கால் இரத்தம் வரும். இரத்தத்தை உறைய வைக்கிற தட்டுகள் குறைந்திருந்தன. நான்கு நாள் சேலைன், 28 நாள் டொக்சிசைக்கிளின். குளிசையைக் கருவாட்டுத் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால் கருவாட்டைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பும். கடைசியில் நெய்யில் புரட்டித்தான் இறக்கினோம். ஆள் தப்பிவிட்டது. இன்றைக்கும் தபால்காரரைக் கண்டால் படலை அதிரும்.

ஆனால் இந்த வருடம், "வயசு போகுது, ஒருக்கா வயிற்றையும் இதயத்தையும் ஸ்கேன் பண்ணிப் பாருங்க, பேராதனைக்குக் கொண்டு போனா நல்லம்" என்றார் டொக்டர். அங்கேதான் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. எங்கள் செங்கலடியில் வந்து முடிகிற ஏ5 வீதி தொடங்குவதே பேராதனையில் என்பதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். பதியத்தலாவையில் மகியங்கனைப் பக்கம் திரும்பி, பதினெட்டு வளைவு ஏறிப் போனோம். நாலாவது வளைவிலேயே சின்னி மகளின் மடியில் சத்தி எடுத்துவிட்டது. வைத்தியக் கூலியை விட வான் கூலி கூட. நீங்கள் பொலிசி எழுதும்போது கிழக்கிலிருந்து வருகிறவனுக்கு இப்படியும் ஒரு செலவு உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள்.

என் அக்கா லண்டனில் இருக்கிறா. அவவின் பூனைக்கு வயது பதினொன்று, தைரொயிட் கூடின வருத்தம். வயசான பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான். குட்டியிலிருந்து கட்டி வந்த பொலிசியை அந்தக் கம்பனி ஒரு நாள் நிறுத்திவிட்டது. புதிய இடம் தேடியபோது தைரொயிட்டுக்கு ஒரு சதமும் இல்லை என்றார்கள், அது ஏற்கெனவே இருந்த நோய். வயதைக் காட்டி ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கை அவவே கட்ட வேண்டும் என்றார்கள். சேர்ந்து முதல் 14 நாளுக்குள் வரும் நோய்க்கும் கிடையாது. அக்கா திட்டித் தீர்த்தா. ஆனாலும் கையெழுத்துப் போட்டா. காரணம், எது இல்லை, எது உண்டு என்று காசு கட்ட முதலே இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கால் முறிந்தால் உண்டு, சிறுநீரகம் பழுதானால் உண்டு, பல் பிடுங்க இவ்வளவு உண்டு.

நான் உங்களிடம் கேட்பது அந்த இரண்டு பக்கம்தான். அதுவும் தமிழில். மூன்றாவதாக நான் கேட்ட இடத்தில், முடிவு எதுவானாலும் வாசித்துப் பாருங்கள் என்று பொலிசி மாதிரி ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். முழுக்க ஆங்கிலம். மகளை வைத்து வாசித்தும், "ஏற்கெனவே இருந்த நோய்" என்று அவர்கள் சொல்வது டொக்டர் கண்டுபிடித்த நோயையா, நான் கண்ட அறிகுறியையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் கிளெய்ம் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சின்னியின் கையிலேயே உதாரணம் இருக்கிறது. கையில் என்ன, கண்ணில். போன வருடச் சீட்டில் டொக்டர் "கண் மங்கல்" என்று கிறுக்கியிருக்கிறார். கேட்டேன். வயதான நாய்களுக்குக் கண்வில்லை இறுகி நீலம் பாரிப்பது சாதாரணம், புரை இல்லை, பார்வையும் அவ்வளவாகக் கெடாது என்றார். கொழும்பில் மேசையில் இருந்து அந்தச் சீட்டை வாசிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? கண் நோய் முழுவதையும் பொலிசியிலிருந்து வெட்டிவிடுவார். ஒரு பக்கத்துக் கண்ணிலோ முழங்காலிலோ முன்பு நோய் இருந்தால் மற்றப் பக்கத்தையும் சேர்த்து விலக்குகிற வழக்கம் வெளிநாட்டுப் பொலிசிகளில் உண்டு. அதை இங்கே அப்படியே கொண்டு வந்துவிடாதீர்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். நாய் படுத்த பிறகு பொலிசி எடுக்க ஓடி வருகிறவர்கள் இருப்பார்கள். சரி, காத்திருப்புக் காலம் வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் முதலில் ஒரு குறித்த தொகையை நானே கட்டுகிறேன். சேரும்போது இரத்தப் பரிசோதனை கேளுங்கள், செய்கிறேன். உண்ணிக் காய்ச்சலை விலக்குங்கள், ஆனால் இரண்டு வருடம் திரும்ப வராவிட்டால் அந்த விலக்கை மறுபடி பார்ப்போம் என்று எழுதுங்கள். நோய்க்கு முடியாது என்றால் விபத்துக்காவது தாருங்கள். கல்லடி வீதியில் ஓட்டோக்கள் வயது பார்த்து இடிப்பதில்லை. வயதை மட்டும் வைத்துத் தீர்க்காதீர்கள். சின்னிக்கு இரண்டு வயதிலேயே கருத்தடை செய்தாயிற்று. கிழப் பெட்டை நாய்களைப் படுக்கையில் போடுகிற கர்ப்பப்பைச் சீழ் அதற்கு வராது. கருத்தடை செய்யாத ஐந்து வயது நாயை எடுக்கிறீர்கள், இதை விடுகிறீர்கள். இது என்ன கணக்கு?

சின்னிக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு, இல்லை. எங்கள் தெருவில் எந்த நாய்க்கும் இல்லை. அதுதான் அடையாளம் என்றால் இங்கே எங்கே போடலாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அரச மிருக வைத்தியரின் கடிதத்தையும் நான்கு படத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடது காது நுனியில் ஒரு கீறல் உண்டு, பக்கத்து வீட்டுச் சேவலின் வேலை.

ஆணைக்குழுவிடம் தனியாக ஒன்று. இளம் வயதில் சேர்ந்து வருடா வருடம் கட்டியவரை, நாய் கிழமான பிறகு "இந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரிக் கடிதத்தில் வெளியே விட எந்தக் கம்பனிக்கும் இடம் கொடுக்காதீர்கள். அக்காவுக்கு நடந்தது அதுதான். நிறுத்துவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லட்டும், பழைய பதிவேட்டைக் கையில் கொடுத்து அனுப்பட்டும். இளம் நாய் வைத்திருக்கிற என் அயலவர் இருவர், நான் முடிவு சொல்லும்வரை சேராமல் காத்திருக்கிறார்கள்.

அட்டையின் படப்பிரதியையும் பேராதனை ஸ்கேன் அறிக்கையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அறிக்கையில் இதயம் நன்று என்று இருக்கிறது. கண் பற்றி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
சின்னியின் வீட்டுக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.