அத்தையின் போனும் எட்டாம் நம்பர் பேண்டும்

அன்புள்ள மாப்ள,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். "சரி பண்ணிட்டேன்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், ஆனால் ஆரியங்காவு அக்காவுக்கும் அதே மாடல் போன் ஒன்று அனுப்பப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அனுப்பாதே. முதலில் இதை முழுசாகப் படி.

நீ அனுப்பிய புது போனை அத்தைக்குக் கையாளத் தெரியவில்லை, அதனால்தான் எடுக்கமாட்டேன் என்கிறார்கள், எடுத்தாலும் பாதியில் கட் ஆகிறது என்று நீ வருத்தப்பட்டாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தப்பு. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனபோது பார்க்கிறேன், திண்ணை ஜன்னல் கட்டையில் அரிசி அளக்கும் பழைய மரப்படியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் கோடு வருகிறதாம். மணி அடித்தால் அடுக்களையிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முட்டிவலியோடு ரேழியைத் தாண்டி வருவதற்குள் நின்றுவிடுகிறது. அதைக்கூட உன்னிடம் சொல்லவில்லை பார், பிள்ளை ஆசையாக அனுப்பியது, குறை சொல்லக்கூடாதாம்.

என் போனையும் அந்தப் போனையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். இரண்டிலும் ஒரே கம்பெனி சிம்தான். திண்ணையில் இரண்டுமே 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நன்றாக நின்றன. ரேழிக்குள் வந்ததும் என் போன் தானாக 900-க்கு இறங்கிக்கொண்டது, அத்தையின் போன் 1800-ஐயே பிடித்துத் தொங்கிக்கொண்டு, அடுக்களை வாசலில் செத்துவிட்டது. அப்புறம்தான் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்த பேண்ட் நம்பர்களை, அதாவது அந்தப் போன் பிடிக்கும் அலைவரிசைகளின் நம்பர்களைப் படித்தேன். 2, 3, 4, 5, 12, 66, 71. எட்டு இல்லை, இருபத்தெட்டு இல்லை, நாற்பது இல்லை. அமெரிக்காவில் ஓடுவதற்கென்றே செய்த போன் மாப்ள அது. போன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நம் ஊருக்குத்தான் அது சேராது.

ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. 1800 மெகாஹெர்ட்ஸ் என்றால் மூன்றாம் நம்பர், 900 என்றால் எட்டு, 850 என்றால் ஐந்து, 2100 என்றால் ஒன்று, 2300 என்றால் நாற்பது. ஜியோ 4ஜிக்கு வைத்திருப்பது 3, 5, 40. ஏர்டெல்லுக்கு முக்கியமாக 1, 3, 8, 40. வி-க்கு, அதாவது வோடபோன் ஐடியாவுக்கு, 1, 3, 8, 41. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில் தொடங்கிய உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 700-லும் 2100-லும் வருகிறது, அதாவது 28-ம் 1-ம். உங்கள் வீட்டுச் சுவர் இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. 900-ன் அலை முப்பத்துமூன்று சென்டிமீட்டர் நீளம், 1800 அதில் பாதி, 5ஜிக்கு வந்திருக்கும் 3500 பக்கத்து அலை ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளமான அலை சுவரிலும் மேட்டிலும் அவ்வளவாகத் தேய்வதில்லை, வளைந்தும் போகும். மலையடிவாரத்தில், பழைய வீட்டுக்குள், மெகாஹெர்ட்ஸ் குறைந்த அலைவரிசைதான் சோறு போடுகிறது.

நீ கேட்பாய், அந்தப் போனிலும் 700 இருக்கிறதே என்று. கடைக்காரர் உன்னிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவின் 12-ம் பேண்டில் டவர் பேசுவது 729 முதல் 746 வரை. நம் 28-ல் டவர் பேசுவது 758 முதல் 803 வரை. இரண்டையும் 700 என்றே சொல்கிறோம், ஆனால் அந்த 700-க்குச் செய்த காதுக்கு இந்த 700 கேட்காது. மெகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு பேண்ட் நம்பரைக் கேள்.

இன்னொன்று. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது, சாதாரண போன் கால்கூட 4ஜி வழியாகத்தான் போகவேண்டும். வெளிநாட்டுப் போனில் அந்தக் கம்பெனிக்கான வோல்டி, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, வேலை செய்யாவிட்டால் நெட் ஓடும், கால் போகாது. இதையும் பார்த்துக்கொள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவுக்கே போய்விட்டேன். இப்போது சாரல் காலம், கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. கோட்டைவாசல் பக்கத்தில் பேசிக்கொண்டே போனால் பேச்சு அறுந்து, தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம் போய் கேரள வட்டம் வந்துவிடும். நாட்டில் மொத்தம் 22 வட்டம், அலைவரிசை ஏலம் வட்டம் வட்டமாகத்தான் நடக்கும், அதனால் ஒரே கம்பெனிக்கு இந்தப் பக்கம் இருக்கும் அளவு அந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில்லை. நம் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, இப்போது அக்காவைக் கூப்பிட்டால் "பரிதிக்குப் புறத்தாணு", தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் பதில் வருகிறது. அக்கா வீட்டைச் சுற்றி ரப்பரும் பலாவும். மழை பெய்தால் சிக்னல் போகிறது என்கிறார்கள், இந்த அலைகளுக்கு மழைத்துளி பெரிய தடை இல்லை, நனைந்த இலைதான் தடை, அதுவும் 2300-க்கும் 3500-க்கும் நிறையவே. கரண்ட் போய் டவரும் படுத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். நான் கொண்டுபோன போன் அக்கா வீட்டு உள்ளறையில் எட்டிலும் ஐந்திலும்தான் நின்றது. நீ அனுப்பும் போன் அங்கே பாதி ஊமை.

அத்தைக்குத் தென்காசிக் கடையில் வேறு போன் வாங்கிவிட்டேன், விலை கொஞ்சம்தான், கணக்கு அப்புறம் பேசலாம். 1, 3, 5, 8, 28, 40, 41 எல்லாம் இருக்கிறது, எழுத்தையும் பெரிசாக்கிக் கொடுத்தேன். மரப்படி மறுபடியும் அரிசிப் பானைக்குப் போய்விட்டது. உன் போனை அத்தை துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறார்கள், நீ வரும்போது எடுத்துக்கொள்.

அக்காவுக்கு வாங்குவதானால் மாடல் பெயரை முதலில் எனக்கு அனுப்பு, பேண்ட் பார்த்துச் சொல்கிறேன். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, உனக்குக் காலை பத்தரை, அத்தையைக் கூப்பிடு. தோசை சுட்டுக்கொண்டே பேசலாமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
உன் மாப்ள